மரம் வெட்டப் படிக்க 45,000 ரூபாயா? 8 கிழமை போய்ட்டு வந்து எழுதுறன்

முதல்லயே சொல்லிப்போடுறன், நான் ஒண்டும் தெரியாமப் போய்க் குந்தின ஆள் இல்ல. எங்கட மாமா திருமலையில, அதான் திருகோணமலையில, 30 வருசத்துக்கு மேல மரம் வெட்டுறவர், தேங்காய் பிடுங்குறது, ஓலை வெட்டுறது, கூரைக்கு மேல சரிஞ்சு நிக்கிற வேம்பைத் துண்டு துண்டா இறக்குறது எல்லாம் அவர்தான், நான் பள்ளிக்கூடத்தில ஓஎல் சோதினை எழுதின கையோட அவருக்குக் கயிறு பிடிக்கப் போனவன். அதால "நகர மரப் பராமரிப்புப் பயிற்சி, 8 கிழமை, 45,000 ரூபா" எண்டு நோட்டீசைக் காட்டினவுடன மாமா சிரிச்ச சிரிப்பு இருக்கே. "டேய் மருமோன், மரம் ஏறக் காசு குடுத்துப் படிக்கப் போறியோ, நான் சும்மா சொல்லித் தந்தது காணாதோ?" எண்டார். மாமி குசினிக்குள்ள இருந்து "அந்தக் காசைப் போட்டு ஒரு பழைய மெசின் வாள் வாங்கலாமே" எண்டா. ரெண்டு பேரும் சொன்னதில நியாயம் இல்லாம இல்ல.

நிலையத்தின்ர பேரை இதில போடேல்ல, குறையும் கனக்கச் சொல்லப்போறன், படிப்பிச்ச சேரோட எனக்குக் கோவமும் இல்ல. திருமலை டவுனுக்க இருக்கிற ஒரு தனியார் இடம், சனி ஞாயிறு காலம 8 மணியில இருந்து பின்னேரம் 3 மணி மட்டும், எங்கட பிரிவில 14 பேர். நோட்டீசில ஹெல்மெட்டும் பெல்ட்டும் போட்ட ஒரு வெள்ளைக்காரன் மரத்தில தொங்குறான், கீழ கொட்டை எழுத்தில "வெளிநாட்டு வேலைவாய்ப்பு". அந்த வரிக்குப் பிறகு வருவம்.

நான் ஏன் போனன் எண்டா அதுக்கு ஒரு கதை இருக்கு, கொஞ்சம் வெக்கமான கதை. ஒரு அஞ்சாறு வருசத்துக்கு முன்னால உப்புவெளிப் பக்கம் ஒரு வீட்டில பெரிய வாகை, குப்பை கொட்டுது, காத்துக்கு ஆடுது, பயமாக் கிடக்கு எண்டு வீட்டுக்கார அக்கா கூப்பிட்டவ. நாங்க போய் வழமை மாதிரி மொட்டையடிச்சுப் போட்டு வந்தம், கொப்பெல்லாம் பாதியில வெட்டி, தடி மட்டும் கை விரிச்சு நிக்கிற மாதிரி. அக்காவுக்குச் சரியான சந்தோசம், தேத்தண்ணியும் தந்து 2 லோட் விறகுக் காசும் விட்டுத் தந்தவ. மூண்டு நாலு மாரி போனது. ஒரு நாள் விடிய மாமாவுக்குக் கோல், வெட்டின இடத்தில முளைச்சு வளந்த கொப்பு ஒண்டு, என்ர துடையளவு மொத்தம், அப்படியே கழண்டு வந்து அவையின்ர வானுக்கு மேல விழுந்திட்டுது. மாமா "காத்துக்கு நான் என்ன செய்யிறது" எண்டு சொல்லிச் சமாளிச்சார். நான் போய் அந்தக் கொப்பைத் தூக்கிப் பாத்தன், அடி முறிஞ்ச மாதிரியே இல்ல, பட்டையை உரிச்சு எடுத்த மாதிரி, ஒட்டிக்கொண்டு நிண்டது கழண்ட மாதிரித்தான் இருந்தது. அது எனக்கு மண்டைக்குள்ள கிடந்து குடைஞ்சது.

பயிற்சியின்ர முதல் கிழமை சும்மா, அறிமுகம், மரத்தின்ர பயன், நிழல், வெக்கை குறையும், ஒக்சிசன், எல்லாருக்கும் தெரிஞ்சது, அதுக்கு ரெண்டு நாள் தேவையில்ல. புரொஜெக்டரில ஓடினதெல்லாம் இங்கிலீஸ். குடுத்த நோட்டும் இங்கிலீஸ். சேர் வாயால தமிழில சொல்லுறார், நல்லாத்தான் சொல்லுறார், ஆனா வீட்ட கொண்டு போய் வாசிக்க ஏலாது, எங்களோட படிச்ச கிண்ணியா நானா ஒருத்தர் தன்ர மகளிட்டக் குடுத்து வாசிப்பிச்சு அடுத்த கிழமை வந்து எங்களுக்குச் சொல்லுவார். 45,000 வாங்கிற இடம் ஒரு 40 பக்கத்தைத் தமிழில அடிச்சுக் குடுக்கக்கூடாதா? கந்தளாயில இருந்து வந்த சிங்களத் தம்பி ஒருவனுக்கு இன்னும் கஸ்டம், அவனுக்குச் சேர் தனியாச் சிங்களத்தில திருப்பிச் சொல்ல எங்கட நேரமும் போகும்.

ரெண்டாம் கிழமைதான் காசுக்குப் பெறுமதி துவங்கினது. சேர் ஒரு உரப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில கொட்டினார், உள்ளுக்க வேப்பங் கட்டை, நெடுக்குவாட்டில ரெண்டாப் பிளந்தது. ஒரே மரத்தின்ர கட்டைதான், ஒரு பக்கம் கொப்பை மரத்தோட ஒட்ட வழிச்சு வெட்டினது, மற்றப் பக்கம் கொப்பு துவங்கிற இடத்தில இருக்கிற அந்த வீங்கின மடிப்பை விட்டுட்டு அதுக்கு வெளிய வெட்டினது. வெளிய இருந்து பாத்தா ரெண்டும் மூடிக்கொண்டு வருது. பிளந்த பக்கம் பாத்தா ஒட்ட வெட்டின இடத்தில இருந்து மேலயும் கீழயும் ஒரு சாண் நீளத்துக்குக் கறுத்து, சுரண்டினா நகத்தோட தூளா வருது. மற்றப் பக்கம் கறுப்பு ஒரு பெருவிரல் அளவோட நிண்டிட்டுது. நான் அந்தக் கட்டையை இடைவேளைக்கும் கீழ வைக்கேல்ல. ஏனெண்டா மாமா எனக்குப் படிப்பிச்சது ஒட்ட வெட்டத்தான், "கொப்பு இருந்த இடமே தெரியக்கூடாது, வழுவழு எண்டு இருக்கவேணும்" எண்டு. நாங்க வடிவா வெட்டினம் எண்டு நினைச்ச மரம் எல்லாம் உள்ளுக்க இப்படித்தான் இருக்குமோ எண்டு ஒரு நடுக்கம் வந்தது.

அந்த மடிப்புக்குச் சேர் காலர் எண்டு சொன்னார், நாங்க கழுத்து எண்டே சொல்லிப் பழகிட்டம். அமெரிக்க வனத்துறையில வேலை செய்த அலெக்ஸ் ஷைகோ எண்ட ஒருத்தர் ஆயிரக்கணக்கில மரங்களை இப்படி நெடுக்காப் பிளந்து பிளந்து பாத்துத்தான் இதைக் கண்டுபிடிச்சவராம், 1977 இல அதை ஒரு சின்னப் புத்தகமாவும் போட்டவை. விசயம் என்னெண்டா மனுசன்ர புண் மாதிரி மரத்தின்ர புண் ஆறுறதில்ல, பழுதான இடத்தைச் சுத்தி மரம் ஒரு மதில் கட்டிப்போட்டு அதுக்கு வெளிய புதுசா வளருது. உள்ளுக்க இருக்கிற பழுது சாகும் வரைக்கும் அங்கதான். அந்த மதில் கட்டிற வேலையின்ர முக்கியமான இடமே கழுத்துத்தான், அதை வழிச்சு எடுத்திட்டா பழுது நேரா அடிமரத்துக்க இறங்கும். அப்ப மொட்டையடிக்கிறது? கழுத்தே இல்லாத நடு இடத்தில வெட்டுறது அது, மதில் கட்ட ஆளில்ல, தடி மேல இருந்து உக்கிக்கொண்டு வரும், சுத்திவரப் பசிக்கு முளைக்கிற கொப்புகள் பட்டைக்குக் கிட்ட இருந்து முளைக்கும், நடுமரத்தோட பிடிப்பு இல்ல. கெதியா வளரும், பாரம் ஏறும், ஒரு நாள் கழண்டு வரும். உப்புவெளி வானுக்கு மேல விழுந்தது இதுதான். வகுப்பில எழும்பிக் கேப்பம் எண்டு வாயெடுத்திட்டுப் பேசாம இருந்திட்டன்.

அண்டைக்குப் பின்னேரம் மாமாவோட பெரிய வாதம். வெட்டின இடத்துக்குத் தார் பூசுறதும், இல்லாட்டி சாணியும் மண்ணும் குழைச்சு அப்புறதும் எங்கட வழக்கம். சேர் சொன்னார் அது தேவையில்ல, பூசினாலும் உக்கல் நிக்காது, சில நேரம் ஈரத்தை உள்ளுக்க வச்சுப் பூஞ்சணத்துக்கு வசதி செய்து குடுக்கும், சரியான இடத்தில வெட்டிட்டு விட்டாக் காணும் எண்டு. மாமா கேக்கிறார், "அப்ப எங்கட அப்பா பூசின மாமரம் இண்டைக்கும் நிக்குதே?" நிக்குதுதான், நான் என்ன சொல்ல. பூசாட்டியும் நிண்டிருக்கும் எண்டு சொன்னன். பிறகு ரெண்டு நாள் கதைக்கேல்ல.

மூண்டாம் கிழமை மூண்டு வெட்டு. இது தெரியாம நான் எத்தினை மரத்தின்ர தோலை உரிச்சிருப்பன் எண்டு நினைக்கவே கவலையாக் கிடக்கு. நிலையத்துக்குப் பின்னால ஒரு பூவரசு, கையளவு மொத்தமான கொப்பு ஒண்டு குடுத்தார். முதல் வெட்டு, அடிமரத்தில இருந்து ஒரு அடி தள்ளி, கீழ இருந்து மேல, மூண்டில ஒரு பங்கு ஆழம், வாள் இறுக முதல் நிப்பாட்டோணும். ரெண்டாவது, அதிலயும் கொஞ்சம் வெளிய தள்ளி மேல இருந்து கீழ. கொப்பு தன்ர பாரத்தில முறிஞ்சு விழும், விழேக்க பட்டை கிழிஞ்சு ஓடி வந்தாலும் கீழ் வெட்டில வந்து நிண்டிடும். இப்ப மிச்சம் ஒரு முழங்கை நீளக் கட்டை, பாரமில்ல, அதைக் கழுத்துக்கு வெளிய ஆறுதலா வெட்டலாம். எனக்குப் பழக்க தோசத்தில கை தன்பாட்டில மரத்தோட ஒட்டப் போகுது, சேர் வந்து வாளைப் பிடிச்சு ஒரு ரெண்டு விரல் வெளிய நகத்தி வச்சார், "இஞ்ச வெட்டு, மடிப்பு தெரியுதெல்லோ, அது மரத்தின்ர, உன்ர இல்ல" எண்டார். பூவரசம் பால் கையெல்லாம் ஒட்டி, காஞ்சா மஞ்சளா நிக்கும், சவர்க்காரத்துக்கும் போகாது, அந்தக் கிழமை முழுக்க அந்தக் கையோட சாப்பிட்டன்.

தென்னையும் பனையும் தனி வகுப்பு, அது நல்லா இருந்தது, ஆனா அரை நாளோட முடிச்சிட்டினம், எங்கட ஊரில அதுதானே முக்கால்வாசி வேலை. வேம்பு மாதிரி மரத்துக்குப் பட்டைக்கு உள்ளுக்க புது மரம் வளக்கிற ஒரு படை சுத்திவர இருக்கு, தென்னைக்கு அது இல்ல, அதால தென்னை மொத்தமாகிறதும் இல்ல, காயத்தை மூடுறதும் இல்ல. ஏறுறதுக்கு வெட்டின படி வெட்டின படியே மரத்தின்ர ஆயுசுக்கும் நிக்கும், வண்டும் தண்ணியும் போற வாசல். பச்சை ஓலையை மேல மட்டும் வழிச்சுப்போட்டு நாலு ஓலையோட குடுமி மாதிரி விடுறதும் பிழை, காஞ்சதையும் நல்லாத் தொங்குறதையும் எடுத்தாக் காணும், பச்சை ஓலைதானே சாப்பாடு செய்யிறது. மாமா காலில தளைநார் போட்டு ஏறுறவர், படி வெட்டுறதில்ல, இந்த விசயத்தில மட்டும் அவர் வென்றிட்டார், "பாத்தியே, உன்ர சேருக்கு முதலே எனக்குத் தெரியும்" எண்டு ரெண்டு நாளாச் சொல்லிக்கொண்டு திரிஞ்சார்.

இப்ப குறைக்கு வாறன். ஏறுறது. நோட்டீசில தொங்கினவனைப் பாத்துத்தான் முக்கால்வாசிப் பேர் வந்தது, 14 பேருக்கு இருந்தது 2 பெல்ட். 16 நாளில நான் மரத்தில தொங்கினது 3 தரம், ஒரு தரம் 20 நிமிசம் வராது. மிச்ச நேரம் கீழ நிண்டு அண்ணாந்து பாத்துக் கழுத்து நோ. ஏறுற முறை நல்ல முறை, அதை ஒத்துக்கொள்ளுறன், 300 கிராம் வரும் ஒரு சின்னப் பை, அதில மெல்லிய நூல் கட்டி நல்ல கவட்டுக்கு மேலால எறிஞ்சு, அந்த நூலால பெரிய கயிறை இழுத்து, பிறகு ஒரு முடிச்சுப் போட்டு அதில ஏறுறது. முடிச்சுக்குப் பேர் பிளேக்ஸ் ஹிட்ச், கயிறைச் சுத்தி நாலு சுத்து, வாலைக் கீழ் ரெண்டு சுத்துக்குள்ளால எடுக்கிறது, பாரம் இருந்தா இறுகும், கையால இழுத்தா வழுக்கி இறங்கும். இதை வீட்ட வந்து செய்து காட்டினன், மாமா ஒரு தரம் பாத்திட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கட்டினார், அது வேற கதை. ஆனா எறியிற பையைப் பாத்து "கல்லுக் கட்டின நூல், இதுக்கு எத்தினை ஆயிரம் வாங்கினவங்கள்" எண்டு நக்கல்.

எங்களோட பயிற்சிக்கு ஒரு தங்கச்சியும் வந்தவ, நாற்று மேடை வச்சிருக்கிற பிள்ளை, படிப்பில எங்கள் எல்லாரையும் விடக் கெட்டி. அவவுக்கு அந்தப் பெல்ட் அளவே இல்ல, கடைசித் துளையில பூட்டினாலும் இடுப்பில சுத்துது. சேர் பாவம், பாதுகாப்பில்ல எண்டு ஏற விடேல்ல, அது சரியான முடிவுதான், ஆனா அவவிட்டையும் முழுக் காசுதானே வாங்கினது? மூண்டு தரம் கேட்டும் நிர்வாகம் சின்னப் பெல்ட் எடுக்கேல்ல. இது எனக்குப் பிடிக்கவே இல்ல.

மெசின் வாள் நாளும் அரைகுறை. ஒரு மெசின், ஒரு பாதுகாப்புக் காற்சட்டை, அதுவும் ஒரு பயில்வான்ர அளவு. அந்தக் காற்சட்டைக்குள்ள நீள நீள நார் அடைஞ்சிருக்கு, சங்கிலி பட்டா அந்த நார் இழுபட்டுப் போய்ப் பல்சில்லில சுத்தி மெசினையே நிப்பாட்டும், அதை ஒரு பழைய துண்டில வெட்டிக் காட்டினார், வாயைப் பிளந்துகொண்டு பாத்தம். மாமா சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டுதான் மெசின் பிடிக்கிறவர், நானும் அப்படித்தான், செருப்போட. தகட்டின்ர நுனியில மேல் கால்வாசி எதிலயும் முட்டினா மெசின் அப்படியே முகத்துக்கு எகிறி வரும் எண்டு சொல்லேக்க எனக்கு எங்கட ஆக்களின்ர மூஞ்சித் தழும்புகள் ஒண்டொண்டா ஞாபகம் வந்தது. ஆனா பழக்கம்? ஆளுக்குப் பத்து நிமிசம். பெற்றோல் கலந்த அளவில ஏதோ பிழை, புகை தள்ளி ரெண்டு தரம் நிண்டுபோச்சு, ஒண்டரை மணித்தியாலம் அதைத் திருத்தவே போனது. மெசின் வாளுகளைப் பதியவேணும் எண்டு 2019 இல அரசாங்கம் அறிவிச்சதெல்லோ, அதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லித் தரேல்ல, நானாக் கேட்டபிறகுதான் கதைச்சவர்.

மின்கம்பி பற்றி நல்லாப் பயமுறுத்தினார், அது தேவை. பத்தடிக்கு உள்ள போகாத, கம்பி தொடாட்டியும் ஈரக் கொப்பு தொட்டாக் காணும், கரண்ட் ஆக்கள் வந்து நிப்பாட்டாம கை வைக்காத. இதில விளையாட்டில்ல.

எல்லாத்திலயும் திறம் கோட்டைக்குப் போன நாள். ஃபிரெட்ரிக் கோட்டைக்குள்ள கோணேசர் கோயிலுக்கு ஏறிப்போற ரோட்டு நெடுக நடத்திக் கூட்டிக்கொண்டு போனார், எத்தினை ஆயிரம் தரம் போன ரோட்டு, ஒரு மரத்தையும் நான் அண்டைக்குத்தான் பாத்தன் எண்டு சொல்லலாம். அங்க திரியிற மானைக் காட்டி, "மானைப் பாக்காதேங்கோ, மான் வாய் எட்டுற உயரத்தைப் பாருங்கோ" எண்டார். மரத்துக்குக் கீழ தாழக் கிடக்கிற இலை எல்லாம் ஒரே மட்டத்தில, ஆரோ மட்டக்கம்பு பிடிச்சு வெட்டின மாதிரி. பின்னங்கால்ல எழும்பி நிண்டு எட்டிற அளவு மட்டும் தின்னுது. பழுத்த இலை விழ முதல் ஓடிவந்து கவ்வுது. அப்ப அங்க விதை விழுந்து தானா முளைச்சு ஒரு மரம் வர ஏலுமோ? ஏலாது. டவுனுக்கையும் மான் திரியுது, மாடும் ஆடும் வேற, அதால எங்கட ஊரில மரம் நடுற எண்டா கன்றுக்குச் செலவழிக்கிறதை விடக் கூட்டுக்குத்தான் செலவழிக்கோணும், ஆளுயரத்துக்கு மேல, கூட்டுக் கம்பிக்குள்ளால மூஞ்சி போகாத மாதிரி. சுற்றாடல் தினத்துக்கு நட்டுப் படமெடுத்த கன்றுகள் எங்க எண்டு இப்ப விளங்குது தானே.

பிறகு ரப்பர் சுத்தியலால அடிமரத்தைத் தட்டிக் காது வச்சுக் கேக்கிறது. நல்ல மரம் "டொக்" எண்டு கெட்டியாச் சொல்லும், உள்ளுக்க கோறை எண்டா மேளம் மாதிரி விரியும். அடியில தட்டு மாதிரி ஒட்டி வளருற கடும் காளான் கண்டா வேர்ப்பக்கம் உக்குது எண்டு சந்தேகப்படோணும், மேல எவ்வளவு பச்சையா இருந்தாலும். ஒரு மரத்துக்குக் கீழ நிண்டு நான் தட்டினன், பிறகு கிண்ணியா நானா தட்டினார், ரெண்டு பேருக்கும் வேற வேறயாக் கேட்டது, சேர் தட்டிப் பாத்துப்போட்டு "ரெண்டு பேரும் பிழை, அது நடுவில" எண்டார். இதெல்லாம் ஒரு நாளில வராது எண்டு விளங்கிச்சு.

வேர் பற்றிச் சொன்னதுதான் எனக்கு நல்லாக் கொழுவினது. மேல எவ்வளவு உயரமோ கீழ அவ்வளவு ஆழத்துக்கு வேர் போகும் எண்டுதானே நாங்க நினைக்கிறது, அப்படியில்லயாம், பெரும்பாலான வேர் மேல் ரெண்டடி மண்ணுக்குள்ளதான், ஆனா அகலத்துக்குக் கொப்பு விரிஞ்சதையும் தாண்டி ஓடும். பிரித்தானியாவில கட்டட வேலை செய்யிற இடத்தில ஒரு கணக்கு வச்சிருக்கினம், நெஞ்சு உயரத்தில அடிமரத்தின்ர விட்டம் எவ்வளவோ அதை 12 ஆல பெருக்கு, அந்தத் தூரத்துக்குள்ள தோண்டாத எண்டு. விட்டம் 50 சென்ரிமீற்றர் எண்டா 6 மீற்றர். எங்கட ஒழுங்கையில தண்ணி ஓடுற கான் வெட்டேக்க மரத்தில இருந்து ஒரு முழத்தில வெட்டினவங்கள், வேரைக் கோடாலியால கொத்தி எடுத்து விறகாவும் கொண்டு போனவங்கள். 2020 மார்கழி 2 ஆம் திகதி ராத்திரி புரெவிப் புயல் வந்ததெல்லோ, அந்தக் காத்துக்கு ஒழுங்கையில விழுந்தது அந்த ஒரு மரம்தான், பக்கத்தில நிண்ட வயசான வேம்பு அசையேல்ல. விழுந்த மரத்தின்ர அடி கான் பக்கம் கத்தியால சீவின மாதிரி வேரே இல்லாம இருந்தது, நானும் மாமாவும்தான் அதைத் துண்டு போட்டனாங்க, அப்ப ரெண்டு பேருக்கும் அது ஒண்டும் சொல்லேல்ல. அம்மம்மா இருக்கேக்க 1964 மார்கழிப் புயலைச் சொல்லிச் சொல்லிப் பயப்படுவா, எந்த மரம் விழுந்தது எந்த மரம் நிண்டது எண்டு அவவிட்ட அப்ப கேட்டிருக்கலாம்.

சட்டம் பற்றி ஒரு மணித்தியாலம். 1951 ஆம் ஆண்டின்ர 9 ஆம் இலக்கச் சட்டம் ஒண்டு இருக்கு, பலா, ஈரப்பலா, பெண்பனை எல்லாம் உங்கட சொந்தக் காணிக்க நிண்டாலும் அனுமதி இல்லாம வெட்டேலாது. இது எங்கட ஆக்களுக்குத் தெரியும், தெரியாத மாதிரி நடிக்கிறது. கூலிக்குப் போற எங்களுக்குத்தான் பிரச்சினை, வீட்டுக்காரர் "அதெல்லாம் எடுத்தாச்சு தம்பி" எண்டுவார், கடுதாசியைக் கையில வாங்கிப் பாக்காம ஏறாதேங்கோ.

சரி, அந்த "வெளிநாட்டு வேலைவாய்ப்பு" வரி. கடைசி நாள் தந்தது நிலையத்தின்ர சொந்தச் சேட்டிபிக்கேட், தங்கக் கலர் கரை போட்டது. என்விகியூ எண்ட தேசியத் தொழில் தகைமைச் சேட்டிபிக்கேட் இல்ல. சேர்க்கேக்க கேட்டதுக்கு "அது வந்துகொண்டு இருக்கு" எண்டவை, முடியேக்கயும் வந்துகொண்டுதான் இருந்தது. இலங்கையில எந்தப் பயிற்சிக்கும் காசு கட்ட முதல், அந்த இடம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில பதிஞ்சதோ, குறிப்பிட்ட அந்தப் பாடநெறிக்கு என்விகியூ எத்தினையாம் மட்டம் எண்டு எழுத்தில கேளுங்கோ, வாயால சொல்லுறதை நம்பிக் காசு கட்டாதேங்கோ. உலகம் முழுக்க மதிக்கிறது சர்வதேச மரப் பராமரிப்புச் சங்கம் எண்ட, 1924 இல துவங்கின அமைப்பின்ர சோதினை, அதுக்கு இருக்கிறதுக்கே 3 வருச முழுநேர வேலை அனுபவம் வேணும், இல்லாட்டி துறைப் படிப்போட சேத்துக் கொஞ்சம் குறைவான அனுபவம். 8 கிழமைச் சேட்டிபிக்கேட்டைக் கொண்டு போய் ஆரும் பிளேன் ஏறேலாது. இதைச் சேரே ஆறாம் கிழமை நேர்மையாச் சொன்னவர், அதைக் கேட்ட ரெண்டு பொடியங்கள் அடுத்த நாளே வரேல்ல. சேர் சொன்னதை நோட்டீசில போட்டிருந்தா அவங்கள் காசு கட்டியிருக்க மாட்டாங்கள்.

உழைப்பு என்ன மாதிரி எண்டு கேப்பீங்க. முடிச்சு 5 மாசம். சனம் எங்களுக்குக் காசு தாறது வெட்டி இறக்கின லோட்டைப் பாத்து, டிராக்டர் நிறைஞ்சாத்தான் வேலை நடந்த மாதிரி. நான் போய் ஒரு வேம்பைச் சுத்திப் பாத்து, இது நல்ல மரம், காஞ்ச கொப்பு நாலை மட்டும் எடுத்தாக் காணும் எண்டு சொன்னா "அதுக்கேன் தம்பி இவ்வளவு காசு, நாலு கொப்புத்தானே?" எண்டு கேக்கினம். ஒரு ஐயா என்னை அனுப்பிப்போட்டு வேற ஆளைக் கூப்பிட்டு மொட்டையடிப்பிச்சார், அந்த வழியால சைக்கிள்ல போகேக்க நான் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு போவன். கோயில் வீதியில நிக்கிற மரங்களுக்குத்தான் கொஞ்சம் மரியாதை, ஒரு கோயில் ஐயர் அரச மரத்தில கொப்பு ஒண்டுக்காகக் கூப்பிட்டு, வெட்ட முதல் கற்பூரம் காட்டி, நான் மூண்டு வெட்டும் வெட்டி முடிய "ஏன் தம்பி கட்டையை விட்டு வெட்டினீர்?" எண்டு கேட்டு, நான் கழுத்தைக் காட்டி விளங்கப்படுத்த முழுக்கக் கேட்டார். மற்றது நிலாவெளிப் பக்கம் சீசன் துவங்க முதல் ஹோட்டல்காரர் தென்னையில காஞ்ச ஓலையும் குரும்பையும் இறக்கக் கூப்பிடுவினம், வெள்ளைக்காரன்ர தலையில தேங்காய் விழக்கூடாதெல்லோ, ஹெல்மெட்டும் பெல்ட்டும் போட்டுக்கொண்டு போனா அங்க மட்டும் ரேட் கூடக் கேக்கலாம். போட்ட 45,000 நாலாம் மாசம் வந்திட்டுது, அதுக்கு மேல பெரிசா ஒண்டும் இல்ல.

ஆருக்குச் சரிவரும்? ஏற்கனவே மரத்தில ஏறுற, கத்தி பிடிக்கிற ஆள் எண்டா கண்ணை மூடிக்கொண்டு போங்கோ, எங்க வெட்டக்கூடாது எண்டதைப் படிப்பிக்கிற வேற ஒரு இடமும் எனக்குத் தெரிஞ்சு இஞ்ச இல்ல. புதுசா ஏறப் பழகப் போறன் எண்டா இது காணாது, மூண்டு தரம் தொங்கின கையோட தனிய வேலைக்குப் போனா விழுவீங்க. பெட்டையளுக்கு, பெல்ட் எடுத்து வச்சிட்டினமோ எண்டு கோல் பண்ணிக் கேட்டுட்டுப் போங்கோ. அஞ்சில மூண்டரை நட்சத்திரம் குடுப்பன், கோட்டை நாளுக்கும் அந்த வேப்பங் கட்டைக்கும் மட்டும் அஞ்சு.

போறதெண்டா மாரிக்குப் போகாதேங்கோ, எங்கட பிரிவில ரெண்டு சனி மழையில போனது, திருப்பி வைக்கேல்ல. கச்சான் காத்து அடிக்கிற காலம் வெக்கைதான், ஆனா வகுப்பு ஒரு நாளும் நிக்காது. கைவாள் ஒண்டு சொந்தமா வாங்கிக்கொண்டு போங்கோ, அங்க இருக்கிற வாள் எல்லாம் பல்லு மழுங்கி. சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கோ, தேத்தண்ணி மட்டும்தான் தருவினம், அதுவும் சீனி இல்லாமக் கேட்டாத்தான் வாயில வைக்கலாம்.

நான் பிறகு காசு சேத்து எனக்கெண்டு ஒரு எறியிற பையும் நூலும் எடுப்பிச்சனான். போன செவ்வாய் மாமா மூதூருக்கு ஒரு புளியமர வேலை எண்டு போகேக்க அதைக் காணேல்ல. கேட்டா, "எந்தப் பை?" எண்டுறார். மாமி சிரிக்கிறா. இன்னும் திருப்பித் தரேல்ல.